படத்தில் உள்ளவர்களுக்கு மட்டும்

அந்தப் பயிற்சி நிலையத்தில் கணினி இருந்தது என்பதை அதன் எதிரிகள்கூட மறுக்க முடியாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், குளிரூட்டிய அறையில், நீல வெல்வெட் துணியைப் போர்த்திக்கொண்டு பிரசவித்த பெண் மாதிரி ஓய்வாக இருந்தது. பக்க வடிவமைப்பும் படத் திருத்தமும் கற்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையாக நின்று, இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கலாம். தொட வேண்டுமென்றால் இரண்டாம் பருவம் வரை பொறுக்க வேண்டும். இரண்டாம் பருவம் வரை பொறுத்தவர் என்று யாரையும் இதுவரை கண்டதில்லை.

தையல் அக்காவுக்கு அவ்வளவு பொறுமைக்கு நேரம் இல்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவள். தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். பேருந்து ஓட்டிய கணவருக்கு முதுகெலும்பில் ஏதோ நகர்ந்துவிட்டது; மருத்துவர் இனி ஸ்டீயரிங் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் பள்ளி இறுதி வகுப்பு. வீட்டில் ஒரு சம்பளம் வந்தே ஆக வேண்டிய நிலையில், தெருமுனை அச்சகத்துக் கணினியில் பக்கம் கட்டும் பெண் கணவனோடு வெளிநாடு போகப் போவதாகக் காதில் விழுந்தது. அக்கா உடனே போய் அச்சக முதலாளி முன்னால் நின்றாள்.

"கத்துக்கிட்டு வாங்கம்மா, இடத்தை வெச்சிருக்கேன்" என்றார் அவர். "ஆனா சான்றிதழோட வரணும். வேலை தெரியும்னு வாயால சொன்ன ஒருத்தனை நம்பி உக்கார வெச்சேன். கல்யாண அழைப்பிதழ்ல மாப்பிள்ளை படம் போடற இடத்துல மாமனார் படத்தைப் போட்டுட்டான். அன்னிக்குக் கையில அடிச்சு சத்தியம் பண்ணினேன், இனிமே சான்றிதழ் இல்லாத ஆளுக்கு இங்க நாற்காலி கிடையாது."

அப்படித்தான் அக்கா நிலையத்தில் சேர்ந்தாள். முதல் நாளே ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் விசைப்பலகை வரையப்பட்டிருந்தது. மௌஸுக்குப் பதிலாக ஒரு காலி சோப்பு டப்பா. டப்பாவை வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் அம்பும் வலப்பக்கம் நகர்வதாகக் கருதிக்கொள்ள வேண்டும். திரையையும் கருதிக்கொள்ள வேண்டும்.

விரிவுரையாளர் கரும்பலகையில் கருவிப் பெட்டியை வரைவார். மாணவர்கள் அதைப் பார்த்து நோட்டில் வரைவார்கள். பிறகு எல்லாரும் எழுந்து நின்று, "கண்ட்ரோல் சி, நகல். கண்ட்ரோல் வி, ஒட்டு. கண்ட்ரோல் இசட், செய்ததைச் செய்யாததாக்கு" என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். மாதத் தேர்வில் 'அழிப்பான் கருவியின் பண்புநலன்களை விளக்குக' என்று ஒரு கேள்வி வந்தது. அக்கா பேனாவால் எழுதி, பிழையை ரப்பரால் தேய்த்து, தாளைக் கிழித்துவிட்டாள். செயல்முறை விளக்கம் என்று அதற்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது.

ஒருநாள் அவள் மெல்லக் கேட்டாள். "சார், நிஜ மௌஸை ஒரு தடவை பிடிச்சுப் பாக்கலாமா?"

விரிவுரையாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவசரப்படாதீங்கம்மா. நான் ஒன்பது வருஷமா இதைச் சொல்லித் தரேன். நானே இன்னும் பிடிச்சதில்ல."

இதை அவர் பெருமையாகவே சொன்னார். நிலையத்தின் முதல்வரோ இன்னும் ஒரு படி மேல். வாரத்துக்கு ஒருமுறை வகுப்புக்கு வந்து ஊக்க உரை ஆற்றுவார். "வெளியில எத்தனையோ பயிற்சி நிலையம் இருக்கு. போய்ப் பாருங்க. கீபோர்டுல எழுத்தெல்லாம் தேஞ்சு கிடக்கும். நம்ம கணினியப் பாருங்க, இன்னும் கண்ணாடித் தாள்கூடப் பிரிக்கல. ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். அதுக்குப் பேருதான் தரம்." கைத்தட்டல் அடங்கும்வரை நின்று, பிறகு செருப்பைத் தேடிப் போவார்.

கணினிக்குக் காவல் மச்சான் சார். முதல்வரின் மனைவிக்குத் தம்பி. படிப்பு ஏறவில்லை, வியாபாரம் கைகொடுக்கவில்லை என்பதால் அந்த அம்மாளின் வற்புறுத்தலில் பொருள்காப்பாளர் ஆனவர். முதல்வர் அவரை மாப்ளே என்பார், மாணவர்கள் மச்சான் சார் என்பார்கள். மௌஸை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர். யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை, வேறு எதுவும் செய்ததில்லை.

இப்படியே போயிருந்தால் அக்காவும் மற்றவர்களைப் போல ஒருநாள் சோப்பு டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் படிப்பிலிருந்து நின்றிருப்பாள். அதற்குள் தலைமை வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. இனிமேல் நேரடி ஆய்வு கிடையாது, நவீனமயம். நாற்பது மாணவர்கள் நாற்பது கணினிகளில் பயில்வதையும், ஆய்வாளர் அதைப் பார்வையிடுவதையும் ஒரே புகைப்படத்தில் காட்டி அனுப்ப வேண்டும். கூடவே மாணவர்கள் தங்கள் கையால் பக்கம் கட்டிய ஆண்டு மலர் ஒன்று. தவறினால் அங்கீகாரம் ரத்து, சான்றிதழ் யாருக்கும் இல்லை.

நிலையத்தில் மிச்சமிருந்தவர்கள் பன்னிரண்டு பேர். கணினி ஒன்று. முதல்வர் விரிவுரையாளரைக் கூப்பிட்டார்.

"நீங்க உக்காந்து செஞ்சிடுங்க."

"சார், நான் கோட்பாட்டு ஆளு" என்று பின்வாங்கினார் விரிவுரையாளர். "என் நியமன உத்தரவுலயே அப்படித்தான் இருக்கு. நான் தொட்டா விதிமீறல்."

மாணவர்களின் நோட்டுகளை வரவழைத்தார்கள். கருவிப் பெட்டியை யார் மிக அழகாக வரைந்திருக்கிறார்களோ அவரே படத்தைத் திருத்துவார் என்று தீர்மானமாயிற்று. அக்கா நோட்டில் பெட்டிக்கு நிழல்கூடப் போட்டிருந்தாள்.

வெல்வெட் துணியை நீக்க மூவர் குழு அமைந்தது. நீக்கினார்கள். துணிக்கு அடியில் இன்னொரு துணி இருந்தது. அதற்குக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று விரிவுரையாளர் சுட்டிக்காட்டியதால் மறுநாள் தனித் தீர்மானம் போட்டார்கள். மச்சான் சார் இரண்டு கையாலும் மௌஸைக் கொண்டுவந்து வைத்து, "பாத்துங்க அக்கா" என்றார், தொட்டிலில் குழந்தையைக் கிடத்துகிறவர் குரலில். அக்கா பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேர ஆலோசனைக்குப் பிறகு கணினியின் கம்பியை மின்சாரத்தில் செருக வேண்டும் என்று தெரிந்தது. பாடத்திட்டத்தில் அது இல்லை.

அதற்குப் பிறகு அக்காவை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவளுக்கு நடந்ததிலேயே நல்லது அதுதான். காலையில் உள்ளே போவாள், சாயங்காலம் வருவாள். மௌஸ் முதலில் அடங்காத கன்று போல இழுத்தது. ஒரு பெண்ணின் மூக்கை நகர்த்தப் போய்க் கூடவே சுவரும் நகர்ந்தது. ஒருவருக்கு ஆறு விரல் வந்தது. கண்ட்ரோல் இசட் என்று ஒப்பித்தது அப்போதுதான் உதவியது; அக்கா வாழ்க்கையில் நம்பிய மந்திரம் அது ஒன்றுதான். மெல்ல மெல்லக் கை பழகியது. லேயர் லேயராக ஒன்றன் மேல் ஒன்று படத்தை அடுக்கலாம், வேண்டாததைக் கண்ணை மூடுவது போல மறைத்து வைக்கலாம் என்று கண்டுபிடித்த அன்று வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று மகள் அப்பாவைக் கேட்டாள். "கணினி கிடைச்சிருச்சு" என்றார் அவர், நாற்காலியில் முதுகை மெல்ல அசைத்தபடி.

முதல் படத்தை முதல்வரிடம் காட்டியபோது ஒரு சிக்கல். துணி வெட்டிப் பழகிய கை. கோட்டின் மேலேயே வெட்ட மனம் வருமா? அக்கா ஒவ்வொரு உருவத்தையும் சுற்றி அரை அங்குலம் விட்டே வெட்டியிருந்தாள். படத்தில் எல்லாரும் வெள்ளை ஓரத்தோடு ஜொலித்தார்கள்.

"இது என்னம்மா சுத்தி வெள்ளையா?"

"தையலுக்கு விட்டேன் சார். மடிச்சு அடிக்கணுமே."

முதல்வர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "மத்தவங்களுக்கு எடுத்துடுங்க. எனக்கு மட்டும் இருக்கட்டும். தலையைச் சுத்திக் கொஞ்சம் கூட்டினாலும் பரவாயில்ல."

இருந்த ஒரே கணினியை நாற்பதாக நகலெடுத்து வரிசையாக ஒட்டியது சுலபம்; நாற்பது பேர் தேற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பன்னிரண்டு மாணவர்களில் அக்காதான் கேமராவைப் பிடித்துப் படம் எடுத்தாள், மிச்சம் பதினொருவர். மூக்குக் கண்ணாடி விளம்பரத்திலிருந்து சிலர், நாட்காட்டியிலிருந்து சிலர், பழைய செய்தித்தாளில் கோப்பையோடு நின்ற கைப்பந்து அணி முழுவதும். கோப்பையை அழித்து அந்த இடத்தில் விசைப்பலகை வைத்தாள். அப்போதும் மூன்று இடம் காலி. மச்சான் சாரை வெள்ளைச் சட்டையில் ஒரு தடவை, கட்டம் போட்ட சட்டையில் ஒரு தடவை, கோடு போட்டதில் ஒரு தடவை உட்கார வைத்துப் படம் எடுத்து, ஒருவருக்கு வகிட்டை மாற்றி, ஒருவருக்கு மீசையை எடுத்து, மூன்று மூலையில் ஒட்டினாள். மச்சான் சார் படத்தைப் பார்த்துவிட்டு, "மீசை இல்லாம நல்லாத்தான் இருக்கேன் இல்ல?" என்று தாடையைத் தடவினார்.

ஆய்வாளரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவர் வர மறுத்துவிட்டார். "நேரடி ஆய்வு கூடாதுன்னு அறிக்கையில நான்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன். நானே மீறலாமா? என் படத்தை அனுப்பறேன். போன வாரமே வந்துட்டுப் போனதா எழுதியாச்சு. கொஞ்சம் கூர்ந்து பாக்கற மாதிரி வைங்க. அப்புறம், அந்த வயித்தைப் பாத்து ஏதாவது பண்ணச் சொல்லுங்க."

அக்கா பண்ணினாள். ஆய்வாளர் இளைத்துப் போய், மச்சான் சாரின் தோளுக்கு மேல் குனிந்து, இல்லாத திரையைக் கூர்ந்து பார்த்தார்.

ஆண்டு மலர் இன்னொரு கூத்து. முதல்வரின் வாழ்த்துரையை ஒரு பக்கத்தில் வைத்தால் பெட்டியை மீறி வழிந்தது. "எழுத்தைச் சின்னதாக்கட்டுமா சார்?" என்றாள். "கருத்து சின்னதாயிடும்" என்றார். இரண்டு பக்கமாயிற்று. அதைப் படித்துப் பார்த்த உற்சாகத்தில் அவர் இன்னும் எழுதிக் கொடுத்தார். மாணவர் கட்டுரைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. பாடத்திட்டம் வெளியேறியது. கடைசியில் மொத்தமும் ஐந்து பக்கத்தில் நின்றது. தாளை மடித்து அடிக்கிற புத்தகம் நாலு நாலு பக்கமாகத்தான் வரும், ஐந்தில் நிற்காது என்று அக்கா சொன்னாள். "அப்ப எட்டாக்கிடுங்க. மூணு பக்கத்துக்கு என் படம் எங்கிட்ட இருக்கு" என்றார் முதல்வர். நடுவில் விரித்தால் நாற்பது பேர் படம். அதற்கு முன்னும் பின்னும் முதல்வர்.

ஆனாலும் அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது அக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. வரிகள் நேராக நின்றன. ஓரம் சமமாக இருந்தது. யார் நிழலும் தப்பான பக்கம் விழவில்லை. மகள் விளக்கடியில் பிடித்து வெகுநேரம் தேடியும் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாம் இதைக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று அக்காவுக்கு முதன்முறையாக உறுதிப்பட்டது. இனி சான்றிதழ் வர வேண்டியதுதான் பாக்கி.

வாரியம் படத்தைப் பாராட்டி அங்கீகாரத்தை நீட்டித்தது. கீழே ஒரு வரி: புகைப்படத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் சான்றிதழ் வழங்கப்படும்.

அக்கா முதல்வர் அறைக்கு ஓடினாள். "சார், நான் படத்துல இல்லையே."

முதல்வர் படத்தை விரித்து விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு போனார். "ஆமா, இல்லையே. நீங்க வகுப்புக்கு வரலையா?"

"நான்தான் சார் இந்தப் படத்தையே செஞ்சேன்."

"செஞ்சீங்க, சரி. ஆனா இருக்கீங்களா? வாரியம் கேக்கறது அதைத்தான்."

"இப்பவே என்னையும் ஒரு ஓரத்துல சேர்த்துடறேன் சார். ஒரு நிமிஷ வேலை."

முதல்வர் முகம் மாறிவிட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "என்னம்மா பேசறீங்க? இல்லாத ஆளைப் படத்துல ஒட்டி சான்றிதழ் வாங்கறதா? அதுக்குப் பேரு மோசடி. இந்த நிலையத்துல உக்காந்துக்கிட்டு அப்படி ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவர் நடிக்கவில்லை என்பதுதான் அக்காவை உலுக்கியது. மனிதர் உண்மையிலேயே புண்பட்டிருந்தார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கண்ணை நீர் மறைத்தது. வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு சற்று தூரம் நடந்துவிட்டாள். வீட்டில் போய் என்ன சொல்வது? பக்கம் கட்டும் பெண் இந்த வாரம் கிளம்பிவிடுவாள். அந்த நாற்காலி கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகிறது.

சான்றிதழ் விழாவுக்கு அவள் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். கணவர்தான் அனுப்பினார். "உன் வேலையை நாலு பேர் பாக்கறத நீ பாக்க வேணாமா? போயிட்டு வா" என்றார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

விழா தாமதமாகத் தொடங்கியது. ஆய்வாளர் இந்த முறை நேரிலேயே வந்திருந்தார். மண்டபக் காவலாளிதான் மலரில் இருந்த படத்தையும் எதிரில் இருந்த வயிற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விட மறுத்துவிட்டார். முதல்வர் போய் அழைத்து வர வேண்டியதாயிற்று.

பிறகு படத்தில் இருந்த இருக்கை வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக்காரர்கள் வரவில்லை. கைப்பந்து அணி வரவில்லை. வராதவர்களுக்கு அஞ்சலில் அனுப்பப்படும் என்று ஒவ்வொரு முறையும் விரிவுரையாளர் அறிவித்தார், எல்லாரும் ஒவ்வொரு முறையும் கைதட்டினார்கள். மச்சான் சார் வெள்ளைச் சட்டையில் ஏறி ஒரு சான்றிதழ் வாங்கினார். மேடைக்குப் பின்னால் ஓடி, கட்டம் போட்டதை மாட்டிக்கொண்டு வந்து இன்னொன்று வாங்கினார். மூன்றாம் முறை பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது ஆய்வாளர் அவர் கையை விடவில்லை.

"உங்க அண்ணன்மார் ரெண்டு பேரும் இப்பதான் வாங்கிட்டுப் போனாங்க. ஒரே வீட்டுல மூணு பேர் படிச்சிருக்கீங்க. உங்க அம்மா கொடுத்து வெச்சவங்க" என்றார். மச்சான் சார், "ஆமாங்க" என்று இறங்கினார். வேறு என்ன சொல்வார்?

மலரை அச்சடித்துக் கொடுத்த தெருமுனை அச்சக முதலாளி, கட்டுகளை இறக்கிவிட்டுக் கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். முதல்வரைப் பிடித்து, "இந்த மலரைக் கட்டினது யாருங்க? ஓரமெல்லாம் கத்தி மாதிரி நிக்குது. எனக்கு உடனே ஆள் வேணும்" என்றார்.

முதல்வருக்குப் பல வருடத்துப் பாரம் இறங்கும் வேளை வந்துவிட்டது. மனைவியின் முகம் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும். "மாப்ளே, இங்க வா" என்று குரல் கொடுத்தார். "இவன்தான். எங்க நிலையத்தோட முத்து. மூணு சான்றிதழ் வாங்கியிருக்கான்."

அக்கா எழுந்து நின்றாள். தன் நாற்காலியில் இன்னொருவர் உட்காரப் போவதைக் கண்ணெதிரில் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது.

மச்சான் சாருக்கு வியர்த்துவிட்டது. மூன்று சான்றிதழையும் மார்போடு அணைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார், அச்சக முதலாளியைப் பார்த்தார். "ஐயா, எனக்கு அலமாரியத் தொறக்கத் தெரியும், பூட்டத் தெரியும். வேற எதுவும் தெரியாதுங்க" என்றார். "என்னையே மூணா வெட்டி ஒட்டினது அதோ அந்த அக்காதான். வேணும்னா புத்தகத்த விரிச்சுப் பாருங்க. அது நான், இது நான், மீசை இல்லாம அங்க இருக்கிறதும் நான்."

முதல்வர் இருமினார். அச்சக முதலாளி மூக்குக் கண்ணாடியை மேலேற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அக்காவை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்களாம்மா? நூல் பிசகாம இருக்கே. சரி, சான்றிதழ் எங்க?"

"எனக்குக் குடுக்கலைங்க. படத்துல நான் இல்ல."

அவர் உச்சுக் கொட்டினார். "அடடா. நான் பண்ணின சத்தியம் உங்களுக்குத் தெரியுமே. வேலைய நான் பாத்துட்டேன், சரி. ஆனா கோப்புல வைக்க ஒரு தாள் வேணுமேம்மா."

மச்சான் சார் அக்காவிடம் வந்து, கூச்சத்தோடு ஒன்றை உருவி நீட்டினார். "எங்கிட்ட மூணு இருக்கு அக்கா. ஒண்ணு நீங்க வெச்சுக்கங்க."

கோடு போட்ட சட்டைக்காரரின் சான்றிதழ் அது. யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. அப்படி ஓர் ஆள் உலகத்தில் இல்லை. அக்கா அச்சக முதலாளியைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "கடையில ஸ்கேனர் இருக்கு" என்றார்.

அச்சகத்துக் கணினிக்கு வெல்வெட் இல்லை. விசைகளில் பாதி எழுத்து தேய்ந்திருந்தது, மேசையில் தேநீர்க் கோப்பையின் வட்டங்கள். அக்கா உட்கார்ந்தாள். சான்றிதழை ஸ்கேன் செய்து திறந்து, அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்து, கீழே காகிதத்தின் நெளிவை மறுபடி நிரப்பி, தன் பெயரை வைத்தாள். முதலாளி பின்னால் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த இடத்துல காகிதத்தோட நிறம் ஒரு பொட்டு வெளுத்துத் தெரியுது பாருங்க."

சரி செய்தாள். அவர் அச்செடுத்துக் கொண்டுபோய் வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். உருப்பெருக்கியை வைத்துப் பெயருக்கு மேலே, கீழே, முத்திரையின் ஓரத்தில் என்று நிதானமாகப் பார்த்தார். அக்காவால் மனத்துக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"ஐயா, இது பொய்ச் சான்றிதழ்தானே?"

"இந்தக் கோப்புல இருக்கிறதுலயே," என்றார் அவர், ஓட்டை போடும் கருவியைத் தேடிக்கொண்டே, "வேலை தெரிஞ்ச ஆளோட சான்றிதழ் இது ஒண்ணுதாம்மா. நாளைக்குக் காலையில வந்துடுங்க."